காருக்கு ஜிபிஎஸ்: குறைந்த செலவில் என்ன வாங்கலாம், எதை விடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வருடம் ஓடிய ஸ்விஃப்ட், ஆல்டோ, ஐ10 வைத்திருப்பவர்களும், செகண்ட் ஹேண்டில் முதல் கார் வாங்கியவர்களும்தான் இந்தக் கேள்விகளை அதிகம் கேட்கிறார்கள். புதுக் காரில் பெரும்பாலும் திரை கூடவே வந்துவிடுகிறது. அதனால் இந்தப் பதில்கள் திரை இல்லாத காரையும், தமிழ்நாட்டுச் சாலைகளையும், இறுக்கமான பட்ஜெட்டையும் மனதில் வைத்து எழுதியவை. விலைகள் தோராயமானவை, கடைக்குக் கடை மாறும்.

காருக்கென்று தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். ஒரு காலத்தில் கார்மின், மேப்மைஇந்தியா போன்ற நிறுவனங்களின் கையடக்கத் திரைகளைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போனார்கள். அப்போது போனில் நல்ல வரைபடம் கிடையாது, நெட்டும் விலை அதிகம். இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனில் அதைவிட நல்ல ஜிபிஎஸ் சிப், பெரிய திரை, அடிக்கடி புதுப்பிக்கப்படும் வரைபடம் மூன்றுமே இருக்கின்றன.

வாங்க வேண்டியவை மூன்றே மூன்று: நல்ல ஹோல்டர், நல்ல கார் சார்ஜர், நல்ல கேபிள். மூன்றும் சேர்த்து 1,000 முதல் 1,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதற்கு மேல் செலவு செய்ய நினைப்பவர்கள், அந்தப் பணம் வழி காட்டுவதற்கா அல்லது பாட்டுக்கும் ரிவர்ஸ் கேமராவுக்குமா என்று முதலில் தெளிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவதுக்குத்தான் என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதை ஜிபிஎஸ் கணக்கில் எழுத வேண்டாம்.

கடையில் ஜிபிஎஸ் கேட்டால் திரையே இல்லாத ஒரு கறுப்புப் பெட்டியைத் தருகிறார்களே?

அது டிராக்கர். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். கார் எங்கே நிற்கிறது என்று உங்கள் போனுக்குச் சொல்லும். டிரைவர் வைத்து ஓட்டுபவர்களுக்கும் வாடகைக்கு விடுபவர்களுக்கும் அது உதவும். உங்களுக்கு வழி சொல்லாது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். கார் உதிரிக் கடைகளில் ‘ஜிபிஎஸ்’ என்றாலே பலருக்கு இப்போது டிராக்கர்தான் ஞாபகம் வருகிறது. ‘நேவிகேஷன்’ என்று கேட்டால் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை எடுத்துக் காட்டுவார்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நெட் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். பலரும் குழம்புவது இங்கேதான்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் ஒலிபரப்புகின்றன. உங்கள் போன் அதைக் கேட்க மட்டுமே செய்கிறது. திருப்பி எதையும் அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு கோள்களின் சிக்னல் கிடைத்தால் போதும், நீங்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். இதற்கு சிம் கார்டும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.

நெட் தேவைப்படுவது வரைபடத்துக்கும், போக்குவரத்து நெரிசல் விவரத்துக்கும்தான். நீலப் புள்ளி சரியாக நகர்ந்துகொண்டிருக்க, சுற்றிலும் வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்தால், ஜிபிஎஸ் நன்றாக இருக்கிறது, வரைபடம் இறங்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு சின்ன வேலையையும் நெட் செய்கிறது. எந்தக் கோள் இப்போது எங்கே இருக்கிறது என்ற பட்டியலை நொடியில் இறக்கிக் கொடுக்கிறது. நெட் இல்லாவிட்டால் அந்த விவரத்தைக் கோளிடமிருந்தே வாங்க வேண்டும். அது நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் வருவதால், ஒவ்வொரு கோளின் விவரத்துக்கும் ஏறத்தாழ 30 விநாடி ஆகும். நடுவில் ஒரு மரமோ கட்டடமோ மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே டவர் இல்லாத ஊரில் காலையில் கிளம்பும்போது, வெட்டவெளியில் இரண்டு நிமிடம் வண்டியை நிறுத்திவைத்து, புள்ளி சரியாக உட்கார்ந்த பிறகு புறப்படுங்கள்.

அப்படியானால் ஆஃப்லைன் வரைபடத்துக்கு எந்த ஆப் நல்லது?

கூகுள் மேப்ஸை முதலில் சரியாகப் பயன்படுத்துங்கள். உங்கள் படத்தைத் தொட்டால் வரும் பட்டியலில் ஆஃப்லைன் வரைபடம் இருக்கும். கட்டத்தை இழுத்து வேண்டிய பகுதியை இறக்கிக்கொள்ளலாம். மிகப் பெரிய பரப்பை ஒரே கட்டத்தில் எடுக்க விடாது. போகும் வழியை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து எடுங்கள். வீட்டு வைஃபையில் முந்தின இரவே செய்துவிடுவது நல்லது. இறக்கிய வரைபடத்துக்குக் காலாவதியும் உண்டு, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஆஃப்லைனில் நெரிசல் தெரியாது, மாற்று வழி காட்டாது, எந்த லேனில் போக வேண்டும் என்றும் சொல்லாது. அவ்வளவுதான் இழப்பு.

கூடவே இரண்டாவதாக ஒரு ஆப் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆர்கானிக் மேப்ஸ் இலவசம், விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, முழுக்க முழுக்க ஆஃப்லைன். 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தை அது பயன்படுத்துகிறது. தன்னார்வலர்கள் வரைந்த வரைபடம் என்பதால் சில ஊர்களில் சந்து பொந்தெல்லாம் இருக்கும், சில ஊர்களில் மெயின் ரோடு மட்டும் இருக்கும். உங்கள் சொந்த ஊரைத் திறந்து பார்த்தாலே தரம் தெரிந்துவிடும். இதே வரைபடத்தில் ஓடும் ஓஸ்ம்ஆண்ட் என்ற ஆப், அமைப்புகளை நோண்டிப் பார்க்கப் பிடித்தவர்களுக்கு ஏற்றது. அதன் இலவசப் பதிப்பில் வரைபடங்களை இறக்குவதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. ஹியர் வீகோவும் நன்றாகவே ஆஃப்லைனில் ஓடும்.

மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் நம் நாட்டு நிறுவனத்தின் ஆப். பெரிய சந்திப்புகளில் சாலை எப்படிப் பிரிகிறது என்று படமாகவே வரைந்து காட்டுவது அதன் பலம். நகரத்துக்குப் புதியவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

ஹோல்டரை எங்கே மாட்டுவது? கண்ணாடியிலா, டேஷ்போர்டிலா, ஏசி வென்டிலா?

நம் ஊர் வெயிலுக்கு நான் ஏசி வென்டைத்தான் சொல்வேன். ஒரே காரணம்: ஏசிக் காற்று நேராகப் போனின் முதுகில் அடிக்கும். சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரியைத் தாண்டாத இடத்தில் ஐபோனைப் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மே மாதம் கண்ணாடிக்குப் பின்னால், சுள்ளென்று வெயில் விழும் டேஷ்போர்டு அதைத் தாண்டாமல் இருக்குமா? போன் சூடேறினால் முதலில் திரை மங்கும், பிறகு சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் எச்சரிக்கை காட்டி முடங்கிவிடும். அதுவும் திண்டிவனம் தாண்டிய மதிய நேரத்தில்தான் நடக்கும்.

வென்டில் ஒரு சிக்கல். சில கார்களில் நடு வென்ட் வட்டமாக இருக்கும். மலிவான கிளிப் அதில் பிடிக்காது, பிடித்தாலும் போனின் கனத்துக்கு வென்டே சுற்றிக்கொள்ளும். கொக்கி போட்டுத் திருகி இறுக்கும் வகையை வாங்குங்கள். பெரிய, கனமான போன் என்றால் வென்டின் தகடு உடையவும் வாய்ப்பு உண்டு.

உறிஞ்சி ஒட்டும் ரப்பர் வகையைக் கண்ணாடியில் மாட்டுவதானால், ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம், கண்ணாடியின் கீழ் மூலையில் மாட்டுங்கள். நடுவில், உயரமாக மாட்டினால் இடப்பக்கத்திலிருந்து சாலையைக் கடப்பவர் போனுக்குப் பின்னால் மறைந்துவிடுவார். ஏர்பேக் மூடியின் மேல் எதையும் ஒட்டக் கூடாது. வெடித்துத் திறக்கும்போது ஹோல்டர் உங்கள் முகத்துக்கு வரும்.

காந்த ஹோல்டர் வசதியானது, ஜிபிஎஸ்ஸை ஒன்றும் செய்யாது. ஆனால் போனின் திசைகாட்டியைக் குழப்பலாம். நின்றிருக்கும்போது அம்பு வேறு பக்கம் காட்டினால் பயப்பட வேண்டாம், பத்து அடி நகர்ந்ததும் சரியாகிவிடும்.

சார்ஜில் போட்டிருக்கிறேன், ஆனாலும் சதவீதம் குறைகிறதே?

காரில் இருக்கும் யூஎஸ்பி துளையில் சொருகியிருப்பீர்கள். பழைய கார்களில் அது பாட்டுப் பென் டிரைவுக்காக வைத்தது. அரை ஆம்பியரோ ஒரு ஆம்பியரோதான் கொடுக்கும். திரை முழு வெளிச்சத்தில் எரிய, ஜிபிஎஸ் ஓட, நெட்டும் ஓடினால் அது போதாது. 12 வோல்ட் சாக்கெட்டில், அதாவது சிகரெட் லைட்டர் துளையில், 18 வாட் அல்லது அதற்கு மேல் தரும் சார்ஜரைப் போடுங்கள். கூடவே வரும் ஓசிக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்குங்கள்.

பழைய போன் சும்மா கிடக்கிறது. அதைக் காருக்கென்றே வைத்துவிடலாமா?

அருமையான யோசனை, ஆனால் பார்க்கிங்கில் வெயிலில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. பழைய பேட்டரி உப்பிவிடும். இறங்கும்போது எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது குறைந்தபட்சம் நிழலில், மூடிய டேஷ்போர்டு அறைக்குள் வையுங்கள்.

சிம் தேவையில்லை. ஆஃப்லைன் வரைபடம் போட்டால் போதும், நெரிசல் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் போனிலிருந்து ஹாட்ஸ்பாட். ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவச ஆப்பைப் போட்டு, எத்தனை கோள்கள் தெரிகின்றன என்று மொட்டை மாடியில் நின்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் நான்கு கூட வரவில்லையென்றால் அந்தப் போன் இதற்கு உதவாது.

டேப்லட் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. சிம் போடும் வகையில்தான் உண்டு.

9 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மலிவாகக் கிடைக்கிறதே, போடலாமா?

பாட்டு, ரிவர்ஸ் கேமரா, பெரிய திரை எல்லாம் சேர்த்து வேண்டும் என்றால் போடலாம். வழி பார்க்க மட்டும் என்றால் வேண்டாம்.

பெயரில்லாத பிராண்டுகள் ஐயாயிரம் ரூபாய் சுற்றளவிலேயே தொடங்குகின்றன. அவற்றில் பல 1 ஜிபி ரேம், 16 ஜிபி சேமிப்போடு வரும். மேப்ஸைத் திறந்து, பாட்டையும் போட்டால் அப்படியே உறைந்து நிற்கும். திருப்பம் தாண்டிய பிறகு ‘இடப்பக்கம் திரும்பவும்’ என்று சொல்லும். 2 ஜிபிக்குக் கீழே தொடவே வேண்டாம், 4 ஜிபி என்றால் நிம்மதி. அமைப்புகளில் ஆண்ட்ராய்டு 13 என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். உள்ளே பழைய பதிப்பை வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றி எழுதுவது இந்தச் சந்தையில் சகஜம். கடையிலேயே மேப்ஸையும் பாட்டையும் ஒன்றாக ஓடவிட்டு, விரலால் நகர்த்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மாட்டும்போது மெக்கானிக்கின் பக்கத்திலேயே நில்லுங்கள். பெட்டியோடு சின்னச் சதுர ஜிபிஎஸ் ஆன்டெனா ஒன்று நீள வயரோடு வரும். நேரமில்லாத மெக்கானிக் அதை ஸ்டீரியோவுக்குப் பின்னாலேயே சுருட்டித் திணித்துவிடுவார். இரும்புச் சட்டங்களுக்கு நடுவே கிடந்தால் அதற்கு வானம் எப்படித் தெரியும்? கண்ணாடியோரம், டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்கு மேலோ அடியிலோ, முகம் மேல்நோக்கி இருக்கும்படி ஒட்டச் சொல்லுங்கள். ‘என் ஸ்டீரியோவில் ஜிபிஎஸ் தாவுகிறது’ என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஆன்டெனாவைத்தான்.

வயரை வெட்டி ஒட்டாமல், காருக்கேற்ற கப்ளர் (வெட்டாமல் சொருகி இணைக்கும் பிளக்) போட்டு மாட்டச் சொல்லுங்கள். வாரன்டி இருக்கும் கார் என்றால் இது கட்டாயம்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால், சோனி, பயோனியர் போன்றவற்றின் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே வசதியுள்ள சாதாரண ஸ்டீரியோ மேல். அதற்குள் ஆண்ட்ராய்டு கிடையாது. உங்கள் போனின் மூளையை அப்படியே திரையில் காட்டும். போனை மாற்றினால் நேவிகேஷனும் புதிதாகிவிடும்.

காரில் திரை இருக்கிறது, ஆண்ட்ராய்டு ஆட்டோ அடிக்கடி துண்டிக்கிறது?

பத்தில் எட்டுத் தடவை கேபிள்தான் காரணம். குட்டையான, டேட்டா போகும் கேபிளாக மாற்றிப் பாருங்கள். போனின் சார்ஜ் துளையில் சேர்ந்த பஞ்சையும் குச்சியால் மெதுவாக எடுங்கள். வயரில்லாமல் இணைக்க ஆண்ட்ராய்டு 11-ம், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் உள்ள போன் வேண்டும்.

தமிழில் வழி சொல்லுமா?

சொல்லும். கூகுள் மேப்ஸின் நேவிகேஷன் அமைப்பில் குரலைத் தமிழுக்கு மாற்றலாம். ஊர்ப் பெயர்களை அது உச்சரிக்கும் விதம் சில நேரம் சிரிப்பு மூட்டும், ஆனால் ஆங்கிலக் குரல் நம் ஊர்ப் பெயர்களைக் கடித்துக் குதறுவதற்கு இது எவ்வளவோ தேவலை. அப்பா ஓட்டும் காருக்கு இதைச் செய்து கொடுத்தால் திரையைப் பார்க்கிற வேலையே அவருக்குப் பாதியாகக் குறையும்.

புளூடூத்தில் இணைத்த பிறகு குரலே கேட்பதில்லை?

போன் குரலைக் காருக்கு அனுப்புகிறது, கார் அப்போது எஃப்எம் ரேடியோவில் இருக்கிறது. ஸ்டீரியோவைப் புளூடூத்துக்கு மாற்றுங்கள், அல்லது மேப்ஸ் அமைப்பில் புளூடூத் வழியே குரலை ஒலிக்கச் செய்யும் தேர்வை நிறுத்திவிடுங்கள். குரல் போனின் ஸ்பீக்கரிலேயே வரும், ரேடியோ பாட்டுக்குப் பாடும்.

மேம்பாலத்தின் மேலே போகிறேனா, கீழேயா என்று அதற்கே தெரியவில்லையே?

உண்மைதான். நல்ல வெளியில் போனின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். உயரத்தில் பிழை அதைவிட அதிகம். மேலே போகும் சாலையும் கீழே போகும் சர்வீஸ் ரோடும் அதற்கு ஒன்றுபோலத்தான் தெரியும். கத்திப்பாராவில் புதிதாக வருபவர்கள் சுற்றிச் சுற்றி வருவது இதனால்தான். 2024 ஜூலையில் கூகுள் இந்திய நகரங்களுக்கு மேம்பாலத்தில் ஏறச் சொல்லி முன்கூட்டியே அறிவிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. சென்னை, கோவை உள்ளிட்ட சில நகரங்களில் காருக்குக் குறுகலான சாலைகளைத் தவிர்க்கும் வசதியும் அதனுடன் வந்தது. ஆப்பை அப்டேட் செய்யாமல் வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் கிடைக்காது. எப்படியானாலும், பாலத்துக்கு முந்தைய பச்சைப் பலகைதான் அங்கே கடைசி வார்த்தை.

மலைக்குப் போகிறோம். மேப்பை நம்பலாமா?

தூரத்தை நம்பலாம், வழியைச் சரிபார்க்க வேண்டும். உதாரணம், ஊட்டியிலிருந்து மசினகுடி. கல்லட்டி வழியாகப் போனால் கூடலூர் சுற்றிப் போவதைவிடப் பாதிக்கும் குறைவான தூரம். வரைபடத்துக்கு அது குறுக்கு வழி. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தாக இறங்கும் அந்தப் பாதையில் பிரேக் சூடேறி நடந்த விபத்துகள் பல. வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் காவல்துறை கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துப் போக வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் ‘இன்னும் 40 நிமிடம்’ என்று சொல்லும் ஆப்பிடம் எதிர்பார்க்க முடியாது. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

2024 ஜனவரியில் கூடலூரில், கர்நாடகம் திரும்பிக்கொண்டிருந்த நண்பர்கள் மேப் காட்டிய வழியில் போய் ஒரு படிக்கட்டில் காரை இறக்கிச் சிக்கிக்கொண்டது செய்தியானது. நல்லவேளை, உள்ளூர்க்காரர்களும் போலீஸும் சேர்ந்து வண்டியை மீட்டார்கள்.

வால்பாறை, கொல்லிமலை, முதுமலைப் பக்கம் டவர் வந்து வந்து போகும். ஆஃப்லைன் வரைபடம் அங்கே கட்டாயம். சாலை திடீரென்று குறுகி, எதிரே வண்டியே வரவில்லை என்றால் நின்று, டீக்கடையில் கேளுங்கள்.

போனை மாட்டி வைத்து ஓட்டினால் போலீஸ் அபராதம் போடுவார்களா?

2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது வேறு கதை. அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில் ஆபத்தான ஓட்டுதல் ஆகிவிடும். முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பவர்கள் 400 ரூபாய் ஹோல்டரை மிச்சம் பிடித்து என்ன காணப்போகிறார்கள்?

நாவிக் உள்ள போன்தான் வாங்க வேண்டுமா?

நாவிக், ஜிபிஎஸ் போலவே இடத்தைச் சொல்லும் இஸ்ரோவின் சொந்த செயற்கைக்கோள் அமைப்பு. முதல் கோள் 2013 ஜூலையில் ஏவப்பட்டது. 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 முதல், போன்களுக்கு எளிதான எல்1 அலைவரிசையும் சேர்ந்திருக்கிறது. இருந்தால் நல்லது, அதற்காகப் போன் மாற்ற வேண்டாம். இன்றைய சாதாரண போன்களே ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்தே கேட்கின்றன.

டோல் தவிர்க்கும் தேர்வைப் போட்டு வைக்கலாமா?

சென்னையிலிருந்து மதுரை போகும்போது போட்டுப் பாருங்கள், ஊர் ஊராகச் சுற்றிக் காட்டும். மிச்சமாகும் டோல் பணம் பெட்ரோலில் போய்விடும். தெரியாமல் போட்டுவிட்டு மறந்தவர்களும் உண்டு. மேப் வினோதமான வழி காட்டினால் முதலில் இந்தத் தேர்வைப் பாருங்கள்.

முகவரியைத் தட்டினால் வேறு எங்கோ கொண்டுபோய் விடுகிறது. என்ன செய்வது?

சென்னையில் பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு எண்கள். ஒரே பெயரில் பத்து நகரில் பத்துக் காந்தி தெரு. ஆகவே முகவரியைத் தட்டாதீர்கள். அழைத்தவரை வாசலில் நின்று வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்பச் சொல்லுங்கள். அதிலும் ‘வாசலில் நின்று’ என்பதை அழுத்திச் சொல்லுங்கள். வீட்டுக்குள் சோபாவில் உட்கார்ந்து அனுப்பினால் புள்ளி பின் தெருவில் விழும், நடுவில் சுவர் இருக்கும். கல்யாண மண்டபம் என்றால் பத்திரிகையில் இருக்கும் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்த பிறகு, திரையில் வருவது அதே மண்டபம்தானா, அதே ஊர்தானா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.